கோடைப் பெரும்படங்களும் பால்மரத் தமிழரும்

சினிமாவைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், சினிமா என்பது ஏழையின் காசையும் பொழுதையும் கவர்ந்துகொள்ளும் சூது, அதனைப் பற்றிப் பேசுவதே வீண் என்பர். மற்றொரு கட்சியார், உடல் நோவ உழைத்தவன் மூன்று மணி நேரம் கவலை மறந்து சிரிக்கிறான், அதில் ஆராய்ச்சிக்கு என்ன இடம் இருக்கிறது என்பர். இவ்விரு கட்சியாரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாயிருக்கின்றனர். இருவருமே சினிமாவைச் சரித்திரமாகக் கருதுவதில்லை. நம் பாட்டன் எந்தக் கொட்டகையில் எந்தப் படத்தைப் பார்த்து அழுதான் என்பதும், அவன் அழுத அதே ஆண்டில் அவன் வாழ்வில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் நம் சரித்திரத்தின் பகுதியல்லவா? அந்தக் கணக்கை ஒருமுறையேனும் எடுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சினிமாவை வெறுப்பவனல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஆபீஸில் மாதச் சம்பளக் கணக்கை முடித்துவிட்டுப் பெரிய படம் வெளியாகும் முதல் நாளே பினாங்குக்குப் புறப்பட்டுவிடும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆகவே இங்கே எழுதுவன ஓர் அபிமானியின் அபிப்பிராயங்களே. ஆயினும் அபிமானி கணக்குக் கேட்கலாகாது என்று விதி ஒன்றும் இல்லை.

கோடைக்காலத்தில் பெருஞ்செலவில் எடுத்து, பேரிரைச்சலோடு விளம்பரம் செய்து வெளியிடும் படத்தை ஆங்கிலத்தில் 'பிளாக்பஸ்டர்' என்கிறார்கள். இச்சொல்லின் பிறப்பு பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினர் ஜெர்மன் நகரங்கள்மீது போட்ட பெருங்குண்டுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. ஒரு குண்டு விழுந்தால் தெருவின் ஒரு பகுதியே இடிந்து தரைமட்டமாகும் என்பது பொருள். 1943இல் அமெரிக்கப் படமுதலாளிகள் அச்சொல்லைத் தம் விளம்பரங்களில் எடுத்தாளத் தொடங்கினர். குண்டு விழுவது இன்னதென்று அறியாத ஊரார்க்கு அது வேடிக்கைச் சொல்லாயிருக்கலாம். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு பொழிந்தபோது, அவை இன்னவென்று அறியாமல் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தவர்களே பலராக மாண்டனர். அந்த ஊரில் வாழும் நாம் அச்சொல்லைச் சற்று நிதானித்தே உச்சரிக்கவேண்டும்.

இனி, கோடைக்கும் சினிமாவுக்கும் உறவு எப்படி ஏற்பட்டது? அமெரிக்காவில் ஒரு காலத்தில் கோடை என்றால் கொட்டகைகளுக்குக் கெட்ட காலம். அடைத்த மண்டபத்தின் வெப்பத்துக்கு அஞ்சி மக்கள் உள்ளே வரமாட்டார்கள். வில்லிஸ் காரியர் என்னும் இயந்திர நிபுணர் 1925ஆம் ஆண்டு கோடைத் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்து ரிவோலி கொட்டகையில் குளிரூட்டும் இயந்திரத்தை அமைத்தார். அதன்பின் வெயிலுக்குப் பயந்தவர்களே கொட்டகைக்குள் தஞ்சம் புகலாயினர். அரை நூற்றாண்டு கழித்து, 1975 ஜூன் 20ஆம் நாள், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்னும் இளைஞர் இயக்கிய 'ஜாஸ்' என்ற சுறாமீன் படம் அமெரிக்காவில் 409 கொட்டகைகளில் ஒரே நாளில் வெளியாயிற்று. அதற்குமுன் தொலைக்காட்சியில் இடைவிடாத விளம்பரமும் நடந்தது. பெரும்படத்துக்கு உரிய பருவம் கோடையே என்ற கொள்கை அன்று முதல் ஹாலிவுட்டில் நிலைபெற்றது.

ஆனால் இவ்வழக்கத்தை மேல்நாட்டாரே கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பது தவறு. தமிழ்நாட்டில் சித்திரையும் வைகாசியும் கடும் வெயில் காயும் மாதங்கள். அவையே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை மாதங்கள், ஊர்த் திருவிழாக்களின் மாதங்கள். அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் காலம் என்பதால், கூடாரக் கொட்டகைகளில் மக்கள் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தார்கள். அந்தக் கூடாரங்களுக்கு வழிகாட்டியவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த அவர், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த ஒருவர் நம் சினிமாவுக்கு வித்திட்டார் என்பதில் என் போன்றோர்க்குச் சிறிது பெருமை உண்டு.

1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. அதன்பின் தீபாவளியே பெரும்படத்துக்குத் திருநாளாக விளங்கிற்று. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் அடுத்த இரண்டு தீபாவளிகளையும் கண்டது. போர்க்காலத்தில் பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்திருந்தது. அந்த அளவுக்குள் அடங்கி நின்றே 'ஹரிதாஸ்' அந்தப் புகழைப் பெற்றது. நீளமும் செலவும் மட்டுமே பெரும்படத்துக்கு இலக்கணமல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

உண்மையான கோடைப் பெரும்படம் 1948 ஏப்ரல் 9ஆம் நாள் வந்தது. ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய 'சந்திரலேகா' அது. சுமார் 30 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்று அந்நாளில் பேசப்பட்டது. அரியணைக்கும் ஒரு நடனப் பெண்ணுக்குமாகச் சண்டையிடும் இரண்டு ராஜகுமாரர்களின் கதை. டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்தனர். சர்க்கஸ் உண்டு, நீண்ட வாட்போர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரம்மாண்டமான முரசுகளின்மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடும் முரசு நடனம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் உள்ளிருந்து போர்வீரர்கள் பாய்ந்து வெளிவருகிறார்கள். அதே ஆண்டு இறுதியில் இந்தியில் 600க்கு மேற்பட்ட பிரதிகளோடு வட இந்தியா முழுதும் வெளியிட்டு, சென்னையில் எடுத்த படமும் வடக்கே வெல்லும் என்று வாசன் காட்டினார். பெருஞ்செலவு, பெருவிளம்பரம், பல ஊர்களில் ஒரே சமயத்தில் வெளியீடு, கதையினும் காட்சிக்கே முதலிடம் ஆகிய கோடைப்படத்தின் இலக்கணங்கள் யாவும் சுறாமீனுக்கு 27 ஆண்டுகள் முன்பே தமிழில் இருந்தன.

என் அபிப்பிராயத்தில், முரசு நடனத்துக்கு ஈடான காட்சி தமிழ்ப்படத்தில் இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டரின் துணையால் லட்சம் வீரர்களைத் திரையில் நிறுத்தும் இன்றைய படங்களில், அந்த லட்சத்தில் ஒருவனும் வேர்வை சிந்துவதாகத் தெரிவதில்லை. முரசின்மேல் ஆடிய பெண்கள் மெய்யாகவே ஆடினார்கள். ஒருத்தி தவறினால் வரிசை முழுதும் கலையும் என்ற அச்சம் பார்ப்பவனுக்கும் உண்டாகிறது. பார்ப்பவனைப் பங்காளியாக்கும் இந்த அச்சமே பெரும்படத்தின் உயிர் என்பது என் கொள்கை.

இதுவரை சொன்னது சென்னையின் சரித்திரம். நம் கரையிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. 'ஹரிதாஸ்' பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்த 1944இல் மலாயா ஜப்பானியர் வசம் இருந்தது. தமிழ்நாட்டுக் கப்பல் பினாங்குத் துறைக்கு வரவில்லை. கடிதமும் இல்லை, படமும் இல்லை. அதற்கு ஓராண்டு முன்னர்தான் சயாம் பர்மா ரயில்பாதை வேலை முடிந்திருந்தது. நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர் அந்தக் காட்டிலே காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். 'சந்திரலேகா' வெளியான ஏப்ரலுக்கு இரண்டே மாதம் கழித்து, 1948 ஜூனில், மலாயாவில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் பலர் சிறைப்பட்டனர், சிலர் காட்டுக்குள் ஓடினர். லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வேலிக்குள் இருந்த மக்களுக்கு 1946இல் ஏற்பட்ட மலாயன் பிலிம் யூனிட் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிற்று. அவை அரசாங்கத்தின் அறிவுரைப் படங்கள். முரசிலிருந்து வீரர் பாயும் கதை ஒருபுறம், இப்படி நட, இப்படி இரு என்னும் உபதேசம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே துணிக்கு முன்னால் குந்தியிருந்த மனிதனின் கதையை எடுப்பார் இல்லை.

எடுக்கத்தக்க கதை இல்லாமற் போயிற்றா? 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் ஒன்றே போதும். 'தமிழ்நேசன்' பத்திரிகையில் உதவியாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளர் எழுந்தனர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு என்பன அவர்கள் கேட்டவை. மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார் முன்னும் தோட்டத்து உத்தியோகஸ்தர் முன்னும் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது அது. உத்தியோகஸ்தர் என்றது கிராணிமாரையும் சேர்த்துத்தான். அதைப் படிக்கும்போதெல்லாம் நான் உட்காரும் நாற்காலி எத்தகையது என்பது எனக்கு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு மே மாதம் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். மானத்தோடு சைக்கிளில் உட்கார்ந்து போவதற்காக ஒரு மக்கள் கூட்டம் துப்பாக்கியை எதிர்த்து நின்ற இக்கதைக்கு ராஜகுமாரர் இருவர் சண்டை எம்மாத்திரம்?

திறமையுடையோர் இங்கே இல்லை என்பதும் பொருந்தாது. சென்னையில் பிறந்து, சிறு வயதிலே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர் டைரக்டர் எல். கிருஷ்ணன். பினாங்கு தந்த பெருங்கலைஞர் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' என்னும் மலாய்ப்படத்தை 1950இல் இயக்கியவர் அவரே. ஆகவே மலாய்ச் சினிமாவின் அடித்தளத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர் கையும் இருக்கிறது. அது நாம் மகிழவேண்டிய செய்தி. ஆனால் தமிழ்ப்படம் மட்டும் கப்பலில் வந்து இறங்கும் சரக்காகவே நெடுங்காலம் இருந்தது. விற்பவர் அங்கே, வாங்குபவர் இங்கே. வாங்குபவனின் வாழ்க்கையைப் பற்றி விற்பவர் கவலைப்பட நியாயமில்லை அல்லவா?

நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், கடல் கடந்த தமிழன் திரையில் அறவே தோன்றவில்லை என்று கூறமுடியாது. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' ரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று யுத்தத்தால் சிதறுவதைச் சொல்லிற்று. ஆயினும் அக்குடும்பம் வசதியுடைய குடும்பம். ரங்கூனிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு வழியில் மாண்ட கூலிகளின் கதை அதில் ஓரமாகவே நிற்கிறது. 2013இல் பாலா இயக்கிய 'பரதேசி' தேயிலைக் காட்டுக் கூலிகளின் துயரத்தை நேராகவே காட்டிற்று. அதுவோ மலைநாட்டுத் தேயிலை, நம் பால்மரமன்று.

நம்மை நோக்கி நேராக வந்த கோடைப் பெரும்படம் 1973 மே 11ஆம் நாள் வெளியான எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்'. சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளில் படம்பிடித்தார்கள். 1970இல் ஒசாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சியும் அதில் வருகிறது. பாட்டு இனிமை, வண்ணம் கொள்ளை அழகு. இன்றும் அதை நான் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் நமக்கு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தது. எழுத்தறியாமையாலும் அலட்சியத்தாலும் நீலச் சீட்டுக்கு மனுப்போடாமல் இருந்துவிட்ட ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர், பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டு 'ரஜுலா' கப்பலில் ஏறினார்கள். கதாநாயகன் உலகம் சுற்றிப் பார்க்கக் கிழக்கே வந்த காலத்தில், அவனுடைய அபிமானிகள் பெட்டியும் பிள்ளையுமாக மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். திரையில் கீழைநாடுகள் பூங்காக்களாகவும் விளக்குகளாகவும் தோன்றின. அங்கு வாழ்ந்த தமிழன் தோன்றவில்லை.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்தன. ஒரு காலத்தில் கரும்பும் ரப்பரும் விளைந்த பத்து காவானை இன்று போய்ப் பாருங்கள். 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் கரையேறுகிறது. 2019இல் திறந்த ஐக்கியா சாமான் கடை அங்கேதான் நிற்கிறது. லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவாரைத் தேடவேண்டும். இவ்வாறு தோட்டங்கள் மறைந்த பிறகுதான் தோட்டத் தமிழன் திரைக்கு வந்தான்.

2016 ஜூலை 22ஆம் நாள் பா. இரஞ்சித் இயக்கிய 'கபாலி' வெளியாயிற்று. ரஜினிகாந்த் என்னும் பெரும் நட்சத்திரம், விமானத்தின்மேலும் அவர் படம், மலாய் மொழியிலும் ஒரு பிரதி. சுறாமீன் படத்தார் வகுத்த இலக்கணம் அத்தனையும் அதில் உண்டு. ஆனால் கதாநாயகன் மலேசியத் தோட்டத்தில் வளர்ந்தவன். சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு ஒரு கூலி என்னும் அநீதியை எதிர்த்து இளமையில் எழுந்தவன். 1941இன் கோரிக்கையை 75 ஆண்டு கழித்துப் பெரும்படம் ஒன்றில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது என்பதை மறைக்கமாட்டேன். கொட்டகையில் விசில் அடித்த இளைஞருள் எத்தனை பேர் அந்த நியாயம் தம் பாட்டனுடையது என்று அறிந்திருந்தனரோ!

குறையும் உண்டு. நியாயம் கேட்டவன் கும்பல் தலைவனாகிறான். அதன்பின் துப்பாக்கியே பேசுகிறது. கூலி கொடுத்த கம்பெனி எங்கோ மறைந்து, எதிரி என்று சீனக் கும்பல் ஒன்றே முன்னால் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரனைப் பகைவனாகக் காட்டுவது எளிது, கணக்குப் புத்தகத்தைப் பகைவனாகக் காட்டுவது கடினம். மலேசியாவில் ஓடிய பிரதியில், இறுதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. சென்னையில் பார்த்தவனுக்கு ஒரு முடிவு, நமக்கு வேறொரு முடிவு. நம் கதையின் முடிவை அங்கேயும் நாம் எழுதவில்லை, இங்கேயும் நாம் எழுதவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாள் என்னும் மலேசியத் தமிழர் இயக்கிய 'ஜகாட்' வெளியாயிற்று. நட்சத்திரம் இல்லை, விமானம் இல்லை. தோட்டத்தைவிட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடிசையில் வாழும் ஒரு குடும்பம், குறும்பும் அறிவும் உடைய ஒரு சிறுவன், அவன் தந்தை, அவனைச் சுற்றியுள்ள வன்முறை, இவ்வளவே. இளைஞன் ஏன் கும்பலில் சேர்கிறான் என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைக்கிறது. கபாலியில் கும்பல் ஒரு கௌரவம், ஜகாட்டில் அது வேறு வழியின்மை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கும் சிறந்த புதிய டைரக்டருக்கும் உரிய பரிசுகளை அப்படம் பெற்றது. மலாய் மொழியில் இல்லாத படங்களுக்குத் தனி வரிசை வைத்ததைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்த ஆண்டு அது. அவ்விவாதத்தில் மலாய்க் கலைஞர் சிலரே நமக்காகக் குரல் கொடுத்தனர் என்பதையும் நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஆயின், பெரும்படத்தைத் தள்ளிச் சிறுபடத்தைக் கொள்வதுதான் என் முடிவா? அன்று. கபாலி இல்லாவிட்டால் தோட்டத் தமிழன் என்று ஒருவன் இருந்ததையே உலகத் தமிழரில் பெரும்பாலோர் அறிந்திருக்கமாட்டார்கள். ஜகாட் இல்லாவிட்டால் அவன் எப்படி வாழ்ந்தான் என்பதை நம் பிள்ளைகளே அறிந்திருக்கமாட்டார்கள். முரசு நடனத்தை ரசிப்பவன் இரண்டையும் ரசிக்கலாம். என் வேண்டுகோள் எளிது. சென்னையிலிருந்து வரும் பெரும்படத்துக்கு முதல் நாளே ஓடும் நாம், இந்நாட்டுத் தமிழன் எடுத்த படத்துக்கும் முதல் வாரத்திலேயே போகவேண்டும். இரண்டாம் வாரம் போகலாம் என்று நாம் காத்திருந்தால், அப்படம் நமக்காகக் காத்திருப்பதில்லை. கூட்டம் இல்லை என்று கொட்டகையார் எடுத்துவிடுவார்கள்.

மற்றொன்று, என் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு. தோட்டத்து ஆபீஸ்களில் பழைய செக்ரோல் புத்தகங்கள் கிடக்கின்றன. பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை ராத்தல் பால், எத்தனை காசு பிடித்தம், யார் பேருக்கு எதிரே கோடு இழுக்கப்பட்டது என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. தோட்டம் கைமாறும்போதெல்லாம் இவை கறையானுக்கும் நெருப்புக்கும் போகின்றன. நாளை ஒருவன் கிள்ளானைப் பற்றியோ ரயில்பாதையைப் பற்றியோ பெரும்படம் எடுக்க வந்தால், அவனுக்கு வேண்டியவை இந்தப் பேர்களும் இந்தக் காசுக் கணக்குகளுமே. தோட்டத்தை ஒப்படைக்கும் நாளில் அப்புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழகத்துக்கோ நூலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் அவற்றிலுள்ள பேர்களைப் படித்துக் காட்டி, அந்த மனிதர்கள் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். படம் எடுக்க நம்மால் முடியாமற் போகலாம், எடுக்க வருபவன் வெறுங்கையோடு திரும்பாதபடி செய்ய நம்மால் முடியும்.